பத்து மீட்டருக்கு ஒரு ‘வா’

நீச்சல் குளத்தில் எல்லோரும் அவளை அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வயதில் முதன்முதலாகக் குதிக்கப் பழக வந்த அன்று, மற்றப் பிள்ளைகள் ஒரு மீட்டர் பலகையின் நுனியில் நின்று அழுதுகொண்டிருக்க, இவள் யாரிடமும் சொல்லாமல் பத்து மீட்டர் மேடையின் ஏணியில் பாதி தூரம் ஏறிவிட்டாளாம். பின்னாலேயே ஏறிப் பிடித்து இறக்கிக்கொண்டுவந்த பயிற்சியாளர் அக்கா வைத்த பேர் அது. இப்போது அணிலுக்கு முப்பத்தொரு வயது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் அவளுக்கு வேறொரு பேர் இருப்பதே குளத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்தது.

கட்டிக்கொண்டவர் அதே குளத்தின் பம்ப் மெக்கானிக். தரைக்குக் கீழே, எந்நேரமும் ஈரமும் குளோரின் வாடையும் அடிக்கிற அறையில் நான்கு பம்ப்புகளோடு குடித்தனம் நடத்துகிறவர். தண்ணீரின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் நீச்சல்காரர்கள் மேலேயிருந்து அவர் பேரைச் சொல்லித் திட்டுவார்கள். சரியாக இருந்தால் அப்படி ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஆனால் குதிக்கிறவர்களின் குளத்தில் மட்டும் அவருக்கு மேலேயும் வேலை உண்டு. கரையில் இரண்டு சுவிட்சுகள். ஒன்றைத் தட்டினால் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி, குளத்தின் மேல்பரப்பு சிலுசிலுவென்று நெளியும். அந்த நெளிவு இல்லாவிட்டால் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். மேலேயிருந்து சுழன்று வருகிறவளுக்கு அது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. இன்னொன்று அடியிலிருந்து காற்றை அனுப்புவதற்கு. புதிதாக ஒரு குதியைப் பழகும்போது சரியான நொடியில் அதைத் தட்டினால் தண்ணீர் பொங்கி மெத்தை மாதிரி ஆகிவிடும். தப்பாக விழுந்தாலும் முதுகு பழுக்காது. முந்தித் தட்டினால் நுரை அடங்கிவிடும், பிந்தித் தட்டினால் தட்டிப் பிரயோஜனமில்லை.

அணில் அவரிடம் பேசிய முதல் வார்த்தையே அதைப் பற்றித்தான். முதுகு சிவக்க ஏறி வந்து, “நான் விழுந்து, எழுந்து, வீட்டுக்குப் போனப்புறம் காத்து விடறீங்களே, யாருக்குங்க அது?” என்று கேட்டாள். அன்றிலிருந்து அவர் அவளை மட்டும் உற்றுப் பார்த்துத் தட்டினார். உற்றுப் பார்த்ததில் விஷயம் வேறு பக்கம் போய்விட்டது என்பது குளத்தில் சொல்லிச் சிரிக்கிற கதை.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் மெக்கானிக்குக்கு நாள் போதாது. பதினாறு வயது வரை மூன்று மீட்டர் பலகையில் அவள் காலம் ஓடியது. பலகை என்பது ஆளோடு பேசும். அது எழும்பும்போது நீயும் எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் காலை வாரிவிடும். மேடை அப்படியில்லை. சிமெண்டு. உன்னிடம் என்ன இருக்கிறதோ அதுதான். அவள் மேடைக்கு மாறியபோது, வீட்டில் ஓர் ஆளுக்காவது புத்தி வேண்டாமா என்று அவள் அம்மா கேட்டாராம். அதற்கப்புறம் அந்த அம்மா ஒரு போட்டியையும் விட்டதில்லை, ஒரு குதியையும் பார்த்ததில்லை. மகள் மேடை நுனிக்கு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். சத்தத்தை வைத்தே மார்க் போடுவார். பழைய துணியைக் கிழித்த மாதிரி ‘சர்’ரென்று கேட்டால் நல்ல குதி. ‘டப்’பென்றால் சாயங்காலம் வலிக்குத் தேய்த்துவிட வேண்டும். பதினைந்து வருஷத்தில் அவர் மார்க்கு நடுவர்களின் மார்க்கிலிருந்து பெரிதாக விலகியதில்லை.

அணிலுக்குக் காலை ஆறு மணிக்கு மருத்துவமனை. “மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. இப்ப விடலாம்” என்று ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் சொல்லிவிட்டு, இரண்டு மணிக்கு வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மூன்றுக்குக் குளத்தில் இருப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த ஏணி. மூன்று மாடிக் கட்டடத்தை நாற்பது தடவை ஏறி, நாற்பது தடவையும் ஜன்னல் வழியாக வெளியே வருகிற மாதிரி. குளிரடிக்கிற நாளில் மணிக்கட்டில் டேப்பைச் சுற்றிக்கொண்டு, உள்ளங்கை அகலத் துண்டால் உடம்பைத் துடைத்துத் துடைத்து ஏறுவாள். முழங்காலைப் பிடிக்கும் கை ஈரத்தில் வழுக்கினால் சுற்று பாதியில் அவிழ்ந்துவிடும்.

இவ்வளவும் செய்து அவள் போட்டிகளில் இரண்டு தடவை இரண்டாவதாக வந்தாள். வெளிநாட்டுப் போட்டிக்கான அணியில் இரண்டு தடவை மாற்று ஆளாகப் பேர் வந்தது. மாற்று ஆள் என்றால் கூடவே பயணம், கூடவே பயிற்சி. போட்டியன்று மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்வையாளர்களோடு உட்கார வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வரணும்னு வேண்டிக்கிட்டியா என்று மெக்கானிக் ஒருமுறை வேடிக்கையாகக் கேட்டார். “லேசான காய்ச்சலாத்தான் வேண்டிக்கிட்டேன்” என்றாள் அவள். ஒரே ஒரு தடவை, பையைக் கீழே வைத்துவிட்டு, தன் பேரைக் கூப்பிடக் கேட்டு ஏற வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை.

அப்படியிருக்க ஒரு வருஷம் குளத்து மண்டபத்தின் கூரைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். மேலாளர் என்ன நிறம் அடிக்கலாம் என்று போகிற போக்கில் மெக்கானிக்கைக் கேட்டார். தன்னையும் ஒரு மனிதனாக மதித்துக் கேட்கிறாரே என்ற பூரிப்பில் அவர், நீலம் அடிங்க சார், தண்ணிக்குப் பொருத்தமா இருக்கும் என்றார். பொருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

அணிலின் குதிகளிலேயே கடினமானது, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, குதிகால் அந்தரத்தில் தொங்க நின்று, பின்பக்கமாக மூன்றரைச் சுற்று சுற்றுவது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடி தண்ணீர் கண்ணில் படும். ஒன்று, இரண்டு, மூன்று என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்து, மூன்றாவதில் காலை உதைத்து நீள வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் அவள் மூன்றாவதாகப் பார்த்தது தண்ணீர் அல்ல, அதே நீலத்தில் இருந்த கூரை. உதைத்தாள். பத்து மீட்டரிலிருந்து முதுகை விரித்துக்கொண்டு வந்து விழுந்தாள். மெக்கானிக் காற்றைத் தட்டவில்லை. பழகிப்போன குதிக்கு யாரும் தட்டுவதில்லை. உடுத்தியிருந்த துணியோடு அவர் குளத்தில் இறங்கியது அவருக்கே பிறகு யாரோ சொல்லித்தான் ஞாபகம் வந்தது.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. அவளுடைய சக ஊழியர்களே அவளைப் படம் பிடித்து, நல்லா மூச்சைப் பிடி என்று அவளிடமே சொல்லிக் கிண்டல் செய்து அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் முதுகின் கறுப்பு மறைந்தது. ஆனால் மேடையில் போய்த் திரும்பி நின்றால் கால் எழும்பவில்லை.

“விழுந்ததுகூட வலிக்கலங்க,” என்றாள் அவரிடம். “நடுவுல ஒரு நொடி நான் எங்க இருக்கேன்னே தெரியல. மேல எது, கீழ எதுன்னு. அந்த நொடி போக மாட்டேங்குது.”

ஏறியவள் ஏணி வழியாகவே இறங்கி வருவதைக் குதிக்கிறவர்கள் பெரிய அவமானமாக நினைப்பார்கள். அணில் பதினொரு நாள் தொடர்ந்து அப்படி இறங்கினாள். ஒளித்து மறைக்கவில்லை, சாயங்காலக் கூட்டம் முழுக்கப் பார்க்க, ஒவ்வொரு படியாக இறங்கி, துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஏறினாள். குதிப்பதைவிட அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும் என்று மெக்கானிக் அன்றைக்கு நினைத்தார். குற்ற உணர்ச்சி தாங்காமல், ஞாயிற்றுக்கிழமையில் நானே சாரம் கட்டிக் கூரைக்கு வெள்ளை அடித்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார்.

“போற ஊர்ல எல்லாம் கூடவே வந்து வெள்ளை அடிப்பீங்களா?” என்றாள் அவள். “விடுங்க. எனக்குக் கண்ணு சரியாகணும், கூரை இல்ல.”

இம்மாதிரி சமயத்தில் பயிற்சியாளர் கரையில் நின்று கூப்பிடுவது வழக்கம். சுருண்டு வருகிறவள் உடம்பைத் திறந்து நீள வேண்டிய நொடியில் ‘வா’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நம்பி உதைக்க வேண்டியதுதான். ஆனால் முப்பது வருஷம் அப்படிக் கத்திக் கத்திப் பயிற்சியாளர் அக்காவின் தொண்டையில் கட்டி வந்து, அதை எடுத்த டாக்டர் ஆறு மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார். அக்கா கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு சைகையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். விசில் ஊதிப் பார்த்தார். பக்கத்துக் குளத்தில் நீச்சல் பிள்ளைகள் பந்தயம் ஆரம்பித்துவிட்டதென்று பாய்ந்துவிட்டார்கள். கடைசியில் சிலேட்டில் எழுதி மெக்கானிக்கின் மூக்குக்கு நேரே நீட்டினார்: காத்து சுவிட்சை ஒழுங்காகத் தட்டுகிறவனுக்கு வாயைத் திறக்கத் தெரியாதா?

தெரிந்தது. முதல் வாரம் காற்றையும் தட்டி, ‘வா’வும் சொன்னார். இரண்டாவது வாரம் காற்று வேண்டாம் என்றாள். மெக்கானிக்கின் ‘வா’ கேட்டால் அவள் திறந்தாள், திறந்தால் விரல் முதலில் தண்ணீரைத் தொட்டது. வீட்டில் ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை திரும்பச் சொல்கிறவள், இங்கே இவர் சொன்ன ஒரே எழுத்துக்குக் கட்டுப்படுகிறாளே என்று அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. மாமியாரிடம் சொல்லியும் காட்டினார். அந்த அம்மா, அதை வெச்சு வீட்ல ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுக் காட்டுங்க பாப்போம் என்றார்.

சிக்கல் ஒன்றுதான். போட்டியில் கூப்பிடக் கூடாது. விசில் ஊதியபின் குதிக்கிறவளுக்கு யாராவது குரல் கொடுத்து உதவினால் அந்தக் குதிக்குப் பூஜ்யம். இது எல்லோருக்கும் தெரியும். அணியின் தேர்வுப் போட்டி இரண்டு மாதத்தில், அதே குளத்தில். அணிலே வழியும் சொன்னாள்: சில குதிக்குக் கூப்பிடுங்க, சிலதுக்கு வேண்டாம், எதுக்குன்னு எனக்கு முன்னாடி தெரியக் கூடாது. கூப்பிடாத முதல் குதியில் பிந்தித் திறந்து முழங்காலில் அடிபட்டாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பரவாயில்லை. ‘வா’வை அடக்கிக்கொள்ள அவருக்கு முடியவில்லை. நாலு குதிக்கு மூன்றில் கூப்பிட்டுவிட்டு, பாதிக்குத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிடுவார்.

தேர்வன்று காலையில் மாமியார் அவரிடம், “மாப்பிள்ளை, நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க வாயை மூடிக்குங்க” என்றார்.

ஐந்து குதி. முதல் இரண்டு இடத்துக்கு வருகிறவர்கள் அணியில். மூன்று குதி முடிந்தபோது மார்க் பலகையில் அணிலின் பேர் இரண்டாவதாக இருந்தது. மூன்றாவதாக இருந்தவள் வெகு தூரத்தில். நான்காவது அந்தப் பின்பக்க மூன்றரை. மெக்கானிக் தண்ணீர் பீய்ச்சுகிற சுவிட்சுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ரெஃபரி விசில் ஊதினார். மண்டபம் அடங்கியது. அணில் முதுகைக் காட்டி நின்றாள், கைகளைத் தூக்கினாள், எழும்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

“வா.”

அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அவருக்குத் தெரிவதற்குள் ‘சர்’ரென்று துணி கிழிகிற சத்தம் கேட்டது. அன்று முழுக்க அந்த மாதிரி ஒரு சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஜனங்கள் கை தட்டினார்கள். கண்ணை மூடியிருந்த மாமியாரும் தட்டினார். ஆனால் பலகையில் மார்க் வரவில்லை. மறுபடி விசில். ஃபைலைக் கையில் பிடித்த ஒல்லியான ரெஃபரி அம்மா எழுந்து கரையோரமாக நடந்து வந்து, குரல் கொடுத்தது யார் என்று கேட்டார். மெக்கானிக் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

பூஜ்யம் என்று அறிவித்தார்கள். அவரை மண்டபத்தைவிட்டு வெளியே போகச் சொன்னார்கள்.

வெந்நீர்க் குழாயடியில் நின்றிருந்த அணில் பலகையைப் பார்த்தாள். அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை. அவர் நடைவழியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஐந்தாவது குதியைப் பார்த்தார். இனி குதித்து என்ன, குதிக்காமல் என்ன. எப்படியும் இடம் போயாயிற்று. வேறு யாராக இருந்தாலும் துண்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அணில் ஏறினாள். மேடை நுனியில் கையூன்றித் தலைகீழாக நின்றாள். கால்விரல் வரைக்கும் ஒரு கோடு, ஒரு நடுக்கம் இல்லை. அந்தச் சுற்றில் எல்லோரையும்விட அதிக மார்க் அவளுக்குத்தான். மொத்தத்தில் ஏழாவது இடம்.

பஸ்ஸில் மாமியார் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்து அணில் துண்டை அலசி, பிழிந்து, கொடியில் போட்டாள். அதே துண்டை மறுபடி எடுத்து மறுபடி பிழிந்தாள். மெக்கானிக் சமையலறை வாசலில் நின்று, கூரைக்கும் நான்தான், இதுக்கும் நான்தான் என்று ஆரம்பித்தார்.

“பேசாதீங்க,” என்றாள். “இன்னைக்கு நீங்க பேசினது போதும்.”

இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் பயிற்சியாளர் அக்கா வீட்டுக்கே வந்து, போனில் எடுத்த வீடியோவை மேஜைமேல் வைத்தார். மேல்முறையீட்டுக்காக எடுத்துக்கொண்டு போனது அது. ரெஃபரி பார்த்துவிட்டு, அவள் காதில் விழுந்ததா இல்லையா என்பது கணக்கில்லை, குரல் வந்ததா என்பதுதான் கணக்கு என்று மறுத்துவிட்டாராம். அது நியாயம்தான் என்று அக்காவே சிலேட்டில் எழுதினார். பிறகு வீடியோவை மெதுவாக ஓடவிட்டார்.

மெக்கானிக் பார்த்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது. அணிலின் கால் திறந்து நீண்டுவிட்டது. உடம்பு கோடாகிவிட்டது. அதற்கப்புறம்தான், ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி, அவருடைய ‘வா’ வருகிறது. ஓட்டிப் பார்த்தார், பின்னால் தள்ளி மறுபடி ஓட்டிப் பார்த்தார். எத்தனை தடவை பார்த்தாலும் அவர் பிந்தித்தான் வந்தார்.

“எனக்குக் கேட்கவே இல்ல,” என்றாள் அணில். “விசில் ஊதினப்புறம் என்னன்னு பாத்தேன். நீங்க கத்தினீங்கன்னு அவங்க சொல்லித்தான் தெரியும்.”

மூன்று வாரமாகவே இப்படித்தான், ‘வா’வுக்கு முந்தியே திறக்கிறாள் என்று அக்கா எழுதினார். பின்னே ஏன் சொல்லவில்லை என்று மெக்கானிக் கேட்டதற்கு, சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினார்: சொன்னால் யோசிக்க ஆரம்பிப்பாள்.

அணில் அந்த வீடியோவை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அணிக்கு இன்னொரு இடம் நாலு மாதம் கழித்து நடக்கிற தேர்வில்தானே என்று அக்காவைக் கேட்டாள். அக்கா தலையாட்டினார். ஒரே ஒரு இடம்.

அந்தத் தேர்வு நடந்த நாளில் மெக்கானிக் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். ஊரிலேயே இருக்கக் கூடாது என்பது அவர் திட்டம். அணில் அந்தத் தாளை மேலாளரிடமிருந்து தானே வாங்கிக் கிழித்துவிட்டாள். நெளிவு அவர் விடுகிற மாதிரி வேறு யாருக்கும் விடத் தெரியாது, சுவிட்சுக்குப் பக்கத்தில் அவர்தான் நிற்க வேண்டும் என்றாள். என் வாய் என் பேச்சைக் கேட்காதே என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். “அதுக்கு ஒரு வழி பண்ணிக்கங்க” என்று சொல்லிவிட்டு மணிக்கட்டில் டேப்பைச் சுற்றப் போய்விட்டாள்.

இந்த முறை மூன்றரையை அவள் கடைசிக் குதியாக எழுதிக் கொடுத்திருந்தாள். நாலு குதி முடிந்தபோது முதலிடத்தில் இருந்தவள் இவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அவளுக்கும் அணிலுக்கும் நடுவே சொற்ப மார்க். அந்தப் பெண் கடைசிக் குதியைச் சுத்தமாக முடித்துவிட்டுக் கரையேறினாள். அடுத்து அணில்.

அவள் ஏணியில் ஏறத் தொடங்கியதும் மெக்கானிக் குடிதண்ணீர்க் குழாயடிக்குப் போனார். இரண்டு கன்னமும் புடைக்க வாய் நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார். நெளிவைக் கொஞ்சம் கூட்டினார். மேலே, நீலக் கூரையை ஒட்டி, அவள் துண்டால் முழங்காலைத் துடைத்து, துண்டைக் கீழே போட்டாள். திரும்பி நின்றாள். அவள் குதிகால் காற்றில் இருந்தது.

விசில். கை மேலே போனது. ஒன்று, இரண்டு, மூன்று. மெக்கானிக்கின் தொண்டைக்குள் ஏதோ எழும்பி வந்து தண்ணீரில் முட்டி நின்றது. அதற்குள் அவள் நீண்டுவிட்டாள். விரல்கள் பூட்டிய கை முதலில் போயிற்று, தலை போயிற்று, கால் போயிற்று. சத்தம் என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். போன இடத்தில் வெள்ளையாய் ஒரு கைப்பிடி நுரை, அவ்வளவுதான்.

பலகையில் எண்கள் ஓடி நின்றன. எட்டரை, ஒன்பது, ஒன்பது. பேர்கள் இடம் மாறின. அவள் பேர் மேலே போய் உட்கார்ந்தது. பயிற்சியாளர் அக்கா, பேசலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகியும், பேச வராமல் சிலேட்டைத் தேடினார்.

ஒல்லி ரெஃபரி அம்மா ஃபைலை மூடிவிட்டு அந்தப் பக்கமாக வந்தார். மெக்கானிக்கை அடையாளம் தெரிந்துவிட்டது. என்னங்க, இன்னைக்கு உங்க சத்தத்தையே காணோமே என்று கேட்டார். மெக்கானிக் கன்னம் புடைக்க, கண்ணில் தண்ணீரோடு, இல்லை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று ரெஃபரி அம்மா பயந்துபோனார்.

அணில் படியேறி, சொட்டச் சொட்ட நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஆச்சுங்க,” என்றாள். “முழுங்குங்க.”